ஆத்தா வந்த நாட்டிய நாடகம்

பெண்கள் கல்லூரியில் படிக்கும்போது, பெண்டாட்டியை அடிக்கும் கொடுமையைப் பற்றி நாங்கள் ஒரு நாட்டிய நாடகம் போட்டோம். உயரமாக இருந்ததால் புருஷன் வேஷம் எனக்கு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். எதிலும் முதலாவதாக வர வேண்டும் என்ற திமிர் அப்போதே உண்டு. புருஷன் எப்படி அடிப்பான் என்று தெரிந்துகொள்ள நான் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. அக்கா புருஷன் இருந்தார். அடிப்பதற்கு முன் வேட்டியை மடித்துக் கட்டி, மைக் முன்னால் நிற்கிறவர் போலத் தொண்டையைச் செருமுவார். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

மதுரையில் நல்ல கைதட்டல். கிராமத்திலும் போடலாம் என்றார் ஆட்டம் சொல்லிக்கொடுத்த டீச்சர். பேரையூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரைச் சொன்னேன். அக்காவை உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்திருந்தார்கள். மச்சான் தன்னைத் தானே பார்க்கட்டும் என்பது என் எண்ணம். பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் அக்காவைக் கூடுதலாக அடித்தால்? அது மீசை ஒட்டும்போதுதான் உறைத்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. டேப்ரிக்கார்டர் ஊமையானது. ஊர்க்காரர்கள் பெட்ரோமாக்ஸ் விளக்கும், பாட்டுக்குப் பதிலாகக் கோயில் உறுமிக்காரரும் கொண்டுவந்தார்கள்.

"எனக்குச் சாமிக்கு அடிக்கிற அடி மட்டுந்தேன் வரும்," என்றார் அவர்.

"தாளம் இருந்தாப் போதுங்க," என்றார் டீச்சர்.

நான் மேடையில் வேட்டியை மடித்துக் கட்டிச் செருமியதும் பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. "ஏடி, இது நம்ம மேலத்தெரு மாப்ளடி!"

மச்சான் முகம் கறுத்து எழுந்தார். அக்காவைப் பார்த்து, "வீட்டுக்கு வாடி, வச்சுக்கிறேன்," என்றார். மேடையில் ஆட்டம் நின்றது. உறுமி மட்டும் நிற்காமல் உறுமியது.

அக்கா ஒரு கொட்டாவி விட்டாள். இன்னொன்று. கொண்டை அவிழ்ந்தது. "ஏய்ய்!" என்று அவள் போட்ட சத்தத்தில், என் மனைவியாக ஆடிய பெண் என் முதுகுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டாள்.

"இது நம்ம கதையில இல்லியேம்மா?" என்றார் டீச்சர்.

"ஆத்தா வந்துட்டா!" என்று கூட்டம் எழுந்தது. கோயில் பூசாரி கைகூப்பி, "என்ன கொறை தாயி?" என்றார்.

"எம்புள்ளய அடிக்கிறவன் எங்கடா? சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லு! இனிமே அவ மேல கை பட்டுச்சு, இந்த ஊருக்கு மழையே கெடையாது!"

மழை என்றதும் அத்தனை ஆண்களும் மச்சான் மேல் பாய்ந்தார்கள். "விழுந்து கும்பிடுய்யா, கம்புப் பயிரு காயுது!" அவர் எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"இன்னொருத்தன் மீசையோட நிக்கிறான் பாரு!" என்று யாரோ என்னையும் பிடித்து அமுக்கினார்கள். எழுந்தபோது மீசை தரையிலேயே கிடந்தது.

மறுநாள் அக்காவிடம் தனியாகக் கேட்டேன். "நெசமாவே சாமி வந்துச்சாக்கா?"

"படிச்ச புள்ள கேக்குற கேள்வியாடி இது?" என்று கொண்டையை முடிந்தாள்.

இப்போதும் மச்சான் சில நேரம் குரலை உயர்த்தித் தொண்டையைச் செருமுவார். அக்கா அவசரமே இல்லாமல் ஒரு கொட்டாவி விடுவாள். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.