பிரித்துவிட்ட தையல்

முகத்தைப் பார்ப்பதற்கு முன் இடுப்பைப் பார்த்துவிடுவார் டெய்லர். "முப்பத்திரண்டுதாங்க" என்று வந்தவர் வாயெடுக்கும்போதே, கழுத்தில் தொங்கும் டேப்பைத் தொடாமல், "அது கல்யாணத்துக்கு முன்னாடி. இப்ப முப்பத்தாறு" என்பார். அளந்தால் முப்பத்தாறரை இருக்கும். "அரை இஞ்ச் மரியாதைக்கு விட்டுட்டேன்" என்பார்.

கடை இரண்டாம் மாடியில், படி முடிகிற இடத்தில். புதிதாகத் தைப்பது குறைவு. ரெடிமேடாக வாங்கியதை உடம்புக்குத் தக்கபடி மாற்றித் தருவதுதான் வேலை, கை ஓய்வதில்லை. இரண்டாவது மெஷினில் மனைவி. ஜிப் மாற்றுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று அவரே சொல்வார், அவள் காதில் விழாதபோது.

பேண்ட்டின் பின்பக்க நடுத்தையலுக்குள் கொஞ்சம் துணி மடிந்திருக்கும். அதைப் பிரித்துக் கால் இஞ்ச் தள்ளித் தைத்தால் இடுப்பு அரை இஞ்ச் கூடும். தன் பேண்ட் லேசாக உறுத்துகிற அன்று, டெய்லர் சாப்பாட்டு நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கி, துண்டைக் கட்டிக்கொண்டு, பத்து நிமிஷத்தில் அந்த வேலையை முடித்துவிடுவார். பட்டன் போட முடியாமல் திணறும் நாள் எல்லோருக்கும் ஒன்று வரும். அவருக்கு வந்ததே இல்லை.

மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். ஆறு வருஷத்துக்கு முன் அவரைத் தலைசுற்றலோடு டாக்டரிடம் கூட்டிப்போனபோது, சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று டெய்லரும் கையை நீட்டினார். மச்சானுக்கு ரத்த அழுத்தம் நூற்று அறுபத்து நான்கு. இவருக்கு நூற்றுப் பதினெட்டு. அன்றிலிருந்து மச்சான் மாத்திரை, நடை, உப்புக் குறைத்த சாப்பாடு என்று ஆகிப்போனார். டெய்லர் பரீட்சையில் பாஸானவர் மாதிரி அந்தப் பக்கமே போகவில்லை. "நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்க. மறுபடி போய் அவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

மச்சான் அவருக்கு 'நூத்திப் பதினெட்டு' என்று பெயரே வைத்துவிட்டார்.

போன மாதம் மச்சான் தன் காக்கி பேண்ட்டை மூன்றாவது முறையாக இடுப்பில் பிடித்துத் தைக்கக் கொண்டுவந்தார். "இப்படியே போனா பின்னாடி ரெண்டு பாக்கெட்டும் ஒண்ணாயிடும் மச்சான்" என்றார் டெய்லர். அவரை வழியனுப்பக் கீழே இறங்கியவர், வந்ததுதான் வந்தோமென்று துணிக்கடைக்காரர் மாற்றித் தைக்கக் கீழே வைத்துப்போயிருந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். முதல் மாடித் திருப்பத்தில் மூட்டையை இறக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன மாப்ளே?" கீழிருந்து மச்சான் கேட்டார்.

"உருப்படி எண்ணிட்டிருக்கேன்."

"மூட்டையை அவிழ்க்காமலேயா?"

டெய்லர் மூச்சு வாங்க மூட்டைமேலேயே உட்கார்ந்தார்.

மறுநாள் காலை டெய்லர், மனைவி, மச்சான் மூவரும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் டேப்பைச் சுற்றியதும், "ரொம்ப மேல பிடிக்கிறீங்க" என்று திருத்தினார் டெய்லர்.

"நான் பேண்ட் தைக்கப் போறதில்லைங்க. இது வயித்து அளவு."

ஈசிஜி எடுத்தார்கள். ரத்த அழுத்தம் நூற்று முப்பத்தெட்டு. மச்சானுக்கும் அன்று நூற்று முப்பத்தெட்டு. டெய்லர் முகம் தெளிந்தது. "பாத்தீங்களா, ரெண்டு பேரும் சமம்."

"சமம் இல்லைங்க. அவர் மேலேருந்து இறங்கி வந்திருக்கார். நீங்க கீழேருந்து ஏறி வந்திருக்கீங்க. இன்னிக்கு என்ன நம்பர்ங்கிறதோட எந்தப் பக்கம் போறீங்கங்கிறதையும் பாக்கணும். இப்படியே ஏறவிட்டா அட்டாக் வர்ற வாய்ப்பும் கூடவே ஏறும். இப்பத் திரும்பினா குறையும். வயிறு எப்பலேருந்து போட ஆரம்பிச்சுது?"

"வயிறா? ஆறு வருஷமா இதே பேண்ட்தாம்மா. ஒரு நாளும் இறுக்கினதில்ல."

"எப்படிம்மா இறுக்கும்?" என்றாள் மனைவி. "இறுக்கறதுக்குள்ள பிரிச்சு விட்டுடுவாரே."

மச்சான் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் இன்னொரு டெஸ்ட்டுக்கு நாள் குறித்து, வயிற்று அளவை எழுதிவர, மாதத்துக்கு ஒரு கட்டமாகப் பன்னிரண்டு கட்டம் போட்ட அட்டை ஒன்றையும் கொடுத்தனுப்பினார் டாக்டரம்மா.

கடைக்கு வந்ததும் துண்டைக் கட்டிக்கொண்டு பேண்ட்டை உட்புறம் திருப்பினார் டெய்லர். நடுத்தையலை ஒட்டிப் பழைய ஊசித் துளைகள், கோடு கோடாக. ஏழு கோடு. மூன்றரை இஞ்ச். இப்போதைய தையலுக்கு அப்பால் பிரித்துவிடத் துணியே இல்லை. கட்டை விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு பேண்ட்டை மாட்டிக்கொண்டு, கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அவரை அளந்ததில்லை.

டாக்டரம்மா பிடித்த இடத்திலேயே அவள் டேப்பைச் சுற்றினாள். அவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார்.

"மூச்சை விடுங்க."

"விட்டாச்சு."

அவள் நம்பரைப் பார்க்கவில்லை. டேப்பைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்துக்கு மேல் அவரால் வயிற்றை இழுத்துப் பிடிக்க முடியவில்லை. வயிறு தள்ளத் தள்ள, டேப் அவள் விரலிடுக்கில் நழுவித் தளர்ந்து நின்றது. அவரே குனிந்து படித்தார்.

"நாப்பத்தொண்ணு. எழுது."