மார்பில் ஓர் ஊதாக் கோடு

கடந்த வியாழக்கிழமை, கோவை மருத்துவமனை ஒன்றில், கதிர்வீச்சு மேசையின் மீது சட்டையின்றிப் படுத்திருந்தேன். டெக்னீஷியன் பெண் என் தோளையும் மார்பையும் உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்கய்யா... கோடெல்லாம் எங்கீங்க?"

"எடுத்துட்டனுங்க. துளி கறை இருக்காது" என்றேன், சற்றே பெருமையுடன்.

வாசகர்களிடம் ஓர் ஒப்புதல். ஆறு வாரங்களாக இப்பத்தி வராததற்கு, 'வெளியூர்ப் பயணம்' என்று காரணம் கூறியிருந்தேன். பாதிதான் உண்மை; வெளியூர் போனது சிகிச்சைக்கு. என் வலது அக்குளில் ஒரு கட்டி. தசையில் தோன்றும் புற்றுநோய். கைக்குச் செல்லும் நரம்பையும் இரத்தக் குழாயையும் அது சுற்றிக்கொண்டிருப்பதால் அறுவை செய்து அகற்ற இயலாது, கதிர்வீச்சால் கட்டுப்படுத்தலாம் என்றார் மருத்துவர். எழுதும் கை என்ன ஆகும்? என் ஒரே கேள்வி அதுதான்.

கதிர் விழவேண்டிய இடத்தைக் காட்டும் ஊதாக் கோடுகளை அழிக்கக் கூடாதென்று முதல் நாளே எச்சரித்திருந்தனர். கேட்டேனா? பனியன் கம்பெனியில் முப்பது ஆண்டுகள் செக்கிங் மேனேஜராக இருந்தவன் நான். கடுகளவு மை பட்ட பீஸையும் பாஸாக்காமல் திருப்பி அனுப்பியவன். புதன்கிழமை ஒரு திருமணம்... வெள்ளைச் சட்டைக் காலரில் ஊதா எட்டிப் பார்த்தது. விடுவேனா? ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி — செக்கிங் டேபிளின் அதே முறை!

துடைத்த விதத்தைச் சொன்னதும் டெக்னீஷியன் பதறினார்: "வெந்த தோல்ல ஸ்பிரிட்டுங்களா! கோடில்லாம மெஷின எங்கீங்க வெக்கறது? மறுபடியும் அளவெடுக்கோணும். இன்னைக்கு ட்ரீட்மென்ட் கெடையாதுங்க."

துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். எதிரே பேச்சியம்மாள்! என்னிடம் செக்கிங் வேலை பார்த்த தூத்துக்குடிப் பெண்; கணவரின் சிகிச்சைக்காக வந்திருந்தார். உள்ளே நடந்தது காதில் விழுந்திருக்கிறது.

"ஒரு பேனா கோட்டுக்கு எத்தன பீஸ எம்மூஞ்சில விட்டெறிஞ்சிருப்பிய சார்! இப்ப இருக்க வேண்டிய கோட்டயும் அழிச்சிட்டு நிக்கியளே!"

கூடமே சிரித்தது. எனக்கோ வேறு கவலை.

"கம்பெனில யாருக்கும்..." என்று இழுத்தேன்.

"எல்லாருக்கும் தெரியும் சார். மொத நாளே ஒங்கள இங்க பாத்துட்டம்லா. தெரியாத மாரி இருங்கன்னு சொன்னதும் நாந்தான். ஒங்களுக்குச் சங்கடமா இருக்கும்லா?"

என் கௌரவத்தை நான்தான் காப்பாற்றி வருவதாக எண்ணியிருந்தேன்.

மறுநாளே புதுக் கோடுகள் வந்தன. சிகிச்சை இன்னும் ஒரு வாரம். கட்டி முழுதும் கரையும் என்று மருத்துவர் சொல்லவில்லை, வலி தணிந்திருக்கிறது. இதை என் வலக்கையாலேயே எழுதினேன்.

நேற்று வங்கியில் ஒருவர், "காலர்கிட்ட மை பட்டிருக்குதுங்க" என்றார்.

"இருக்கட்டுங்க — அது பாஸான பீஸ்!"