ஆணிப் பலகையில் ஐந்து நாட்டு வட்டி

முதல் நாள்

சின்ன காஞ்சிபுரத்தில், பார்வை போன ஒரு பொருளாதார வாத்தியார் வீட்டுக்குப் பெருக்கித் துடைக்கத்தான் போனேன். ஐந்து நாட்டுச் சர்க்கார்கள் தங்கள் கடன் பத்திரத்துக்கு என்ன வட்டி தருகின்றன என்று ஒப்பிட்டு, வாரம் ஒரு கட்டுரையை டேப்பில் பேசிச் சென்னைக் கம்பெனிக்கு அனுப்புவார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அந்த வேலைதான் அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது.

அன்று வெள்ளிக்கிழமை. கம்பெனிக்காரர் போனில் சொன்ன எண்களைக் கேட்டுக்கொண்டவர் சலித்துக்கொண்டார்.

"எண்ணு காதுல நிக்கறது, கன்னிம்மா. எது ஏறறது, எது எறங்கறதுன்னு மனசுல வரலையே."

எனக்கு எழுத்து கூட்டித்தான் வரும். ஆனால் பிள்ளையார்பாளையத்தில் நெசவு வீட்டில் பிறந்தவள். ஒரு பலகையில் வாரத்துக்கு ஒரு வரிசையாக ஆணி அடித்து, கழிவுப் பட்டிழையை அவர் சொன்ன எண்ணுக்கு ஏற்றியும் இறக்கியும் இழுத்துக் கட்டினேன். நாட்டுக்கு ஒரு தடிமன். விலைவாசி ஏற்றத்துக்கு ஜரிகை, விரலில் சொரசொரவென்று படும்.

"ஜப்பான் எங்கேம்மா?"

"அடியில படுத்துக்கினு இருக்குது சார். எழுப்பினாலும் எழாது."

சிரித்துவிட்டார். ஜரிகை பட்டுக்கு மேலே ஏறினால் கடன் கொடுத்தவனுக்கு நஷ்டம் என்று சொல்லிக்கொடுத்தார். படிப்பு அவருடையது. யோசனை என்னுடையது, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முடிச்சு

ஒருநாள் இந்திய இழை அறுந்தது. நெசவு வீட்டுக் கை சும்மா இருக்குமா? பிணைத்துவிட்டேன். அவர் விரல் அங்கேயே நின்றது.

"இந்த வாரம் நம்ம நாட்டுல என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல சார். அறுந்துச்சு, முடிச்சுப் போட்டேன்."

"அடிப்பாவி! சர்க்காரே கவுந்துடுத்தோன்னு பயந்துட்டேன்."

அன்றிலிருந்து பலகையில் முடிச்சு கூடாது. அறுந்தால் புது இழை.

கலர் தாள்

சில வருஷம் கழித்துக் கம்பெனி மேனேஜர் வந்தார்.

"இனிமே கம்ப்யூட்டரே கிராஃப் போட்டுடுது சார். நீங்க ரெஸ்ட் எடுங்க."

ஐந்து நாட்டுக் கோடுகளும் கலர் கலராக அச்சான தாளை அவர் கையில் கொடுத்தார். வாத்தியார் அதை மடியில் வைத்து மேலிருந்து கீழே தடவினார். மறுபடியும் தடவினார்.

"வழவழன்னு இருக்கேம்மா," என்றார் என்னிடம்.

மேனேஜர் வாட்சைப் பார்த்தார்.

அப்புறம் போன் வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்தால் பலகையைக் கேட்பார். இருந்தது பழைய இழைகள்தான்.

"ஜப்பான்?"

"படுத்துக்கினுதான் சார் இருக்குது."

அவரும் படுத்துவிட்டார். மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார்.

வீட்டு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: யாருக்காகச் செய்கிறீர்களோ, அவர் கைக்குத் தெரிகிற மாதிரி செய்யுங்கள்.

பலகை என்னிடம்தான் இருக்கிறது. அவர் போய்ச் சேர்ந்த வாரம், இந்திய இழையின் கடைசியில் ஒரு முடிச்சுப் போட்டேன். விரல் வைத்தால் தெரியும், அந்த வாரம் இங்கே ஏதோ ஆகியிருக்கிறது என்று.