மாதலேனுக்குத் திறந்த கதவு

கைபேசியில் செய்தி வந்த ஒலி கேட்டால் தெய்வானை ஆச்சி அதை உடனே எடுப்பதில்லை. குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் தையலை முடிப்பார். நூலை அறுப்பார். பிறகு, தூங்குகிற பிள்ளையின் போர்வையை விலக்கிப் பார்ப்பதுபோலக் கைபேசியின் ஒரு விளிம்பை மட்டும் தூக்கிப் பார்ப்பார். அதன் கேமராக்கள் மீது சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கும்.

"அது பாட்டுக்கு வீட்டயே பார்த்துக்கிட்டுக் கெடக்கு. பொம்பளைக அளவு கொடுக்க வர்ற எடமுல்ல?"

ரவிக்கை தைப்பதுதான் ஆச்சியின் தொழில். சைகோனில் நல்ல தையற்காரர்களுக்குப் பஞ்சமில்லை. உடம்போடு ஒட்டிய ஆவ் ஸாய் அங்கியை அவ்வளவு நேர்த்தியாகத் தைக்கிற கைகள், ரவிக்கையின் அக்குளில் வந்து தடுமாறிவிடும். அதனால் ஆற்றுக்கு அப்பாலுள்ள தாவோ தியெனிலிருந்துகூடக் காரில் பெண்கள் பூ மி ஹங்குக்கு வருகிறார்கள், எங்கள் அடுக்குமாடியைத் தேடி. ஆச்சியின் கணவர் மெய்யப்பன் பின் யுவோங்கில் ஒரு பிளாஸ்டிக் ஆலைக்கு மேலாளர். காலையில் ஆலை வண்டியில் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். ஊர் தேவகோட்டை. நான் அவர்களுக்கு எதிர்வீடு.

'ஒப்புக்கொள்கிறேன்' என்று எழுதிய எந்தப் பொத்தானையும் ஆச்சி தொட்டதில்லை. காரணம் கேட்டேன்.

"எங் கல்யாணத்துக்கே என்னைய ஒருத்தரும் கேக்கல. இது இம்புட்டுப் பவ்யமாக் கேக்குதுன்னா, உள்ள ஏதோ இருக்குங்கிறேன்."

அவர் சந்தேகத்துக்குத் தீனி போட்டதே எங்கள் கட்டட நிர்வாகம்தான். குடியிருப்பவர்களுக்கென்று ஒரு செயலி கொடுத்தார்கள். விருந்தாளி வந்தால் அதில்தான் அனுமதி தரவேண்டும். தமிழிலும் உண்டு என்று பெருமையாக அறிவித்தார்கள். வியட்நாமிய மொழியில் ரத்து செய்வதற்கும் அழிப்பதற்கும் ஒரே சொல்தான். மொழிபெயர்த்த இயந்திரத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. ஒருநாள் அளவு கொடுக்க வரவேண்டிய பெண் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அனுமதியை நீக்கப்போன ஆச்சி, கைபேசியை ஏந்திக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். திரையில், 'விருந்தாளியை அழிக்கவா?' என்று கேள்வி. கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று 'ஆம்'. மற்றொன்று 'அழி'.

"ரெண்டுல எதத் தொட்டாலும் அவ செத்தா," என்றார்.

அந்த அனுமதி நீக்கப்படாமலே கிடந்தது.

இதற்குப் பிறகுதான் முகம் பார்த்துத் திறக்கும் கதவு வந்தது. கீழ்த்தளத்தில் ஒரு திரையை நிறுத்தி, ஒவ்வொருவராக வந்து முகத்தைப் பதிவுசெய்யச் சொன்னார்கள். ஆச்சியும் வரிசையின் கடைசியில் நின்றார். முறை வந்ததும் திரைக்கு முன்னால் போய், எழுதியிருந்ததையெல்லாம் வரிவரியாகப் படித்தார். கடைசியில் ஒப்புதல் கேட்டது. தொடாமல் திரும்பிவிட்டார். "நான் ஒத்துக்கல. அதனால என் மொகம் அதுகிட்ட இல்ல," என்று மின்தூக்கியில் என்னிடம் சொன்னபோது அவர் குரலில் வெற்றி இருந்தது.

கதவு வேலைசெய்யத் தொடங்கிய அன்று, காய்கறிப் பையோடு வந்த ஆச்சியைப் பார்த்ததும் பச்சை விளக்கு எரிந்தது. ஒரு பெண்குரல் இனிமையாகச் சொன்னது: "ஸின் ச்சாவ், மாதலேன்!"

வணக்கம், மாதலேன். கதவும் திறந்துகொண்டது. ஆச்சி அசையவில்லை. கதவு மூடியது. ஓர் அடி வைத்தார். மறுபடி வணக்கம், மறுபடி மாதலேன். காவலாளி துவான் சிரித்துக்கொண்டே, கதவுதான் திறக்கிறதே, போங்கள் என்று கைகாட்டினான்.

"வேற ஒருத்தி பேருக்குத் தொறந்த கதவுல நான் எப்படிப் போறது?" என்று தமிழிலேயே அவனைக் கேட்டார். அவன் இன்னும் பலமாகச் சிரித்தான். வீட்டுக்குப் போக வேறு வாசல் தெரியாததால் ஆச்சி மாதலேனாகவே உள்ளே போனார்.

அன்று இரவு மெய்யப்பன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பேரு எதுவா இருந்தா என்ன தெய்வான, கதவு தொறக்குதுல்ல?"

ஆச்சி என் பக்கம் திரும்பினார். "பார்த்தீகளா? இவுகளும் சேந்துக்கிட்டாக."

நிர்வாக அலுவலகத்தில், புகாரைச் செயலியில்தான் தரவேண்டும் என்றார்கள். செயலியிலோ தண்ணீர், மின்தூக்கி, குப்பை, சத்தம் என்று நான்கே வகைப் புகார்கள்தான். பெயர் மாறினால் எங்கே சொல்வது? கதவு தப்பான பெயரைச் சத்தமாகச் சொல்வதால் ஆச்சி 'சத்த'த்தைத் தொட்டார். மறுநாள் பதில் வந்தது: 'உங்கள் சத்தம் தீர்க்கப்பட்டது.' கூடவே, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்றும் கேட்டிருந்தது.

அதிலிருந்து ஆச்சிக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. மாதலேன் என்று ஒருத்தி எங்கோ இருக்கிறாள், தன் முகத்தை வாங்கி வைத்திருக்கிறாள். "என் மொகத்தை வச்சுக்கிட்டு எந்த வீட்டுக்குள்ள போறாளோ, எதுல கையெழுத்துப் போடுறாளோ!" மின்தூக்கியில் வருகிற ஒவ்வொரு பெண்ணையும் தலையிலிருந்து கால்வரை பார்க்கத் தொடங்கினார்.

மழை கொட்டிய ஒரு பிற்பகலில் கீழேயிருந்து அழைப்பு வந்தது. ஆச்சி என் கதவைத் தட்டி, "சாட்சிக்கு வாங்க," என்றார்.

கதவுக்கு வெளியே, காவலாளியின் பிளாஸ்டிக் முக்காலியில் ஒரு வயதான பெண் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, குட்டையாக வெட்டிய வெள்ளை முடி, மெல்லிய மழையங்கி. மடியில் மருந்துப் பை. அவர் எத்தனை முறை முகத்தைக் காட்டினாலும் சிவப்பு விளக்குதான் எரிந்தது. உள்ளே இருப்பவர் மறுபடி உள்ளே வரமுடியாது என்றது திரை. துவான் கேமராப் பதிவை ஓட்டிப் பார்த்திருக்கிறான். சற்றுமுன் மாதலேன் என்ற பெயரில் உள்ளே போனவர் தெய்வானை ஆச்சி. இப்போது அவன் சிரிக்கவில்லை. ஆள்மாறாட்டமோ என்ற சந்தேகம் அவனுக்கு ஆச்சியின் மேல்.

ஆச்சி அந்தப் பெண்ணையே உற்றுப் பார்த்தார். இருவருக்கும் முகத்தில் ஓர் ஒற்றுமையும் இல்லை. என் காதருகே, "பாக்கச் சாதுவா இருக்காக. அதான் எனக்கு இடிக்குது," என்றார்.

அந்தப் பெண் தலையை நிமிர்த்தினார். "எனக்குத் தமிழ் வெளங்கும், மதாம்."

அவர்தான் மாதலேன். அவருடைய அப்பா காரைக்கால்காரர், இங்கே துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அம்மா வியட்நாமியர். சைகோன் விழுந்த பிறகு சொந்தமெல்லாம் பிரான்சுக்கு விமானம் ஏறியபோது, அம்மாவை விட்டுப் போக மனமில்லாமல் இவர் தங்கிவிட்டார். இப்போது எங்கள் கட்டடத்திலேயே அம்மா வழி உறவில் மருமகன் ஒருவனின் குடும்பத்தோடு இருக்கிறார். "அப்பா போனப்பொறம் தமிழ் பேச ஆரு இருக்கா?" என்றார். ஒவ்வொரு சொல்லையும் அவர் தேடி எடுத்தார்.

அலுவலகத்தில் உட்கார வைத்ததும் ஆச்சி விசாரணையைத் தொடங்கினார். "எத்தன நாளா இப்படி உள்ள விடமாட்டேங்குது?"

"கதவு வந்ததுலேந்து. சில நாளு விடும். சில நாளு விடாது."

"சொல்லியிருக்கலாமுல்ல?"

மாதலேன் மருந்துப் பையின் காதைத் திருகினார். "ஆருகிட்ட சொல்றது? மருமகன் பொண்டாட்டி எம் பேரை எடுத்துட்டான்னு நெனச்சேன். போயிடுன்னு வாயால சொல்லமாட்டா. மிஷினை வச்சுச் சொல்றான்னு நெனச்சேன்."

வெளியே போனால் திரும்ப விடமாட்டார்களோ என்று அவர் வெளியே போவதையே நிறுத்தியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகவில்லை. மருமகன் மனைவியோடு பேச்சில்லை. கட்டிலுக்கடியில் ஒரு பையில் துணிமணிகளை எடுத்துவைத்திருந்தார். மாத்திரை தீர்ந்துபோனதால்தான் இன்று இறங்கியிருக்கிறார்.

ஆச்சி தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "மொகம் பதிஞ்ச அன்னிக்கு என்ன செஞ்சீக?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"கடைசில 'முடி'ன்னு பொத்தான் இருக்கும்னாங்க. தேடினேன். காணல. வந்துட்டேன்."

அலுவலகப் பெண் எழுந்துபோய், கீழ்த்தளத் திரையில் தானே பதிந்து பார்த்தாள். 'முடி' இருக்கத்தான் இருந்தது, திரையின் அடி விளிம்புக்கும் கீழே. விரலால் மேலே தள்ளினால்தான் தெரியும், அப்படித் தள்ள வேண்டும் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. மாதலேன் முடிக்காமல் போன பக்கம் அப்படியே திறந்து கிடக்க, அடுத்து வந்து நின்றவரின் முகத்தையும் இயந்திரம் அதே பெயரில் சேர்த்துக்கொண்டுவிட்டது. அடுத்து நின்றவர் தெய்வானை ஆச்சி.

"நான் ஒத்துக்கவே இல்லையே!"

நான் மொழிபெயர்த்தேன். திரைக்கு முன் அசையாமல் நின்றாலே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளுமாம். அலுவலகப் பெண் இதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

சரிசெய்வதும் சுலபமில்லை. செயலியைச் செய்த கம்பெனிக்காரர்கள் வந்துதான் முகங்களைப் பிரிக்கவேண்டும். அலுவலகத்தால் முடிந்தது மாதலேனின் பெயரை மொத்தமாக அழிப்பது மட்டும். அப்படி அழித்தால் மருமகன் முதலிலிருந்து விண்ணப்பிக்கவேண்டும், அதுவரை மாதலேன் இங்கே குடியிருப்பவரே இல்லை. மாதலேனின் முகம் வெளுத்துவிட்டது.

"அழிக்க வேணாம்," என்று ஆச்சி எழுந்தார். "கேமரா இல்லாத வழி எது இருக்கு, அதக் கேளுங்க."

ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மோட்டார் சைக்கிள்கள் நிலவறைக்கு இறங்குகிற சரிவு. ஆச்சி அந்த வழியாக வந்துபோனால், கதவின் கணக்கில் மாதலேன் ஒருவராகவே இருப்பார்.

அன்றிலிருந்து ஆச்சி சரிவின் ஓரமாகத் துணிமூட்டையோடு இறங்குகிறார், ஏறுகிறார். பின்னால் வரும் வண்டிகள் ஒலி எழுப்பினால் நின்று முறைக்கிறார். கம்பெனிக்காரர்கள் இன்னும் வரவில்லை. மாதலேன் அன்றிரவே மருமகன் மனைவியிடம் பேசிவிட்டார். ஏன் பேசமாட்டேன் என்கிறார் என்று தெரியாமல் அவளும் இத்தனை நாள் அழுதிருக்கிறாள். கட்டிலுக்கடியில் இருந்த துணிகள் அலமாரிக்குத் திரும்பிவிட்டன.

அதற்காக ஆச்சியின் சந்தேகம் தீர்ந்துவிட்டதாகச் சொல்லமுடியாது. "காரைக்கால்ல எந்தத் தெருன்னு கேட்டேன். டக்குனு சொல்லிட்டாக. மனப்பாடம் பண்ணின மாதிரி இருந்துச்சு," என்றார் என்னிடம்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதலேன் ஒரு வாடகைக் காரில் வந்து இறங்கினார். மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு இறங்கியவர் தெய்வானை ஆச்சி. நீங்கள் எங்கே இவரோடு என்றேன். "கோயிலுக்குத்தான் போறாகளான்னு பாக்கணுமுல்ல?" என்றார். மாதலேன் சிரித்துக்கொண்டே, "மெர்சி, மதாம்," என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டுக் கதவை நோக்கி மெல்ல நடந்தார். அந்தக் கேமரா சற்றுத் தள்ளி நிற்பவர்களையும் விடாமல் பிடித்துவிடும். ஆச்சி சட்டென்று நின்றார். முந்தானையை இழுத்து முகத்தை முழுக்க மூடிக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி, பச்சை விளக்கு எரிந்து கதவு மாதலேனுக்குப் பின்னால் மூடுகிற சத்தம் கேட்கும்வரை அப்படியே நின்றார்.