ஆட்சேபணை ஏதும் வரவில்லை

அடுப்பில் கொதிக்கும் மாவில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கிளறுகிறார். ஆள்காட்டி விரலால் தொட்டு, கட்டைவிரலோடு ஒட்டிப் பிரித்துப் பார்க்கிறார். "தண்ணியா இருந்தா சுவத்துல நிக்காது. கெட்டியா இருந்தா காஞ்சதும் ஓரம் தூக்கிக்கும்." அலுவலகத்துத் தேநீர் அடுப்பில் தினமும் காலையில் முதலில் கொதிப்பது இந்தப் பசைதான். தேநீர் அதற்குப் பிறகுதான். மாவு வாசனை இல்லாத தேநீர் இப்போது எங்களுக்குப் பிடிப்பதே இல்லை.

எங்கள் நகரமைப்பு அலுவலகத்தில் இவருக்குப் பெயர் பசையக்கா. எந்த நிலத்தின் பயன்பாட்டை மாற்றப் போகிறார்களோ அந்த இடத்துக்கே போய், அங்கிருக்கும் சுவரிலோ கம்பத்திலோ அறிவிப்பை ஒட்டிவிட்டு வருவது வேலை. பத்தொன்பது வருடமாக ஒட்டுகிறார். "பசையான வேலைல இருக்கேன்னு எங்க நாத்தனார் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கா. வந்து இந்தக் கையைப் பாக்கச் சொல்லுங்க சார்" என்று சிரிப்பார். அந்தக் கையால் மட்டும் எந்தத் தாளையும் தொட மாட்டார். இடுப்பில் ஓர் ஈரத்துணி செருகியிருக்கும். ஒவ்வொரு விரலாகத் துடைத்து, சுண்டுவிரல்வரை முடித்துவிட்டுத்தான் கோப்பைத் தொடுவார்.

அறிவிப்பை எழுதுகிறவன் நான். 'மேற்படி புல எண்ணில் அடங்கிய நீர்ப்பிடிப்புப் பகுதியினைச் சேமிப்புக் கிடங்குப் பயன்பாட்டிற்கு மாற்றம் செய்வது தொடர்பில் ஆட்சேபணை உடையோர்' என்று நான் ஆரம்பித்தால், முற்றுப்புள்ளி வருவதற்குள் படிக்கிறவருக்கு மூச்சு வாங்கிவிடும். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. ஆட்சேபணை மனுவில், அந்த நிலத்தின் எல்லையை ஒட்டிய வீட்டு உரிமையாளரின் கையெழுத்து மட்டுமே செல்லும் என்ற வரியையும் நான்தான் சேர்த்தேன். வேலை குறையும் என்று மேலதிகாரி தட்டிக்கொடுத்தார். அன்று வீட்டுக்குத் துள்ளிக்கொண்டு போனேன்.

முப்பது நாளில் யாரும் எழுதித் தராவிட்டால் 'ஆட்சேபணை ஏதும் வரவில்லை' என்று நான் ஒரு தாள் வைக்க வேண்டும். பதினோரு வருடத்தில் ஒரு மனுகூட வந்ததில்லை. அதனால் அறிவிப்பைத் தட்டச்சு செய்யும்போதே அந்தத் தாளையும் தட்டச்சு செய்து, தேதியை மட்டும் விட்டுவைத்து, கோப்பில் போட்டுவிடுவேன். என் சுறுசுறுப்பு அப்படி.

பசையக்காவோ ஒட்டிவிட்டு உடனே கிளம்ப மாட்டார். நாலு பேர் கூடும்வரை நின்று, என் தமிழை அவர் தமிழாக்கிச் சொல்வார். "தண்ணி நிக்கிற பள்ளத்தை மண்ணு கொட்டி மேடாக்கி குடோன் கட்டப் போறாங்க. வேணாம்னா முப்பது நாளுக்குள்ள வந்து எழுதிக் குடுங்க. அப்புறம் வந்து அழுதீங்கன்னா, துடைச்சுக்க என்கிட்ட இந்தத் துணிதான் இருக்கு."

இதெல்லாம் உங்கள் வேலையா என்று ஒருநாள் கேட்டேன். கோபப்படவில்லை. "எங்க வீட்டுச் சுவத்துல நானே ஒட்டினேன் சார். ரெண்டு தடவை படிச்சேன், ஒண்ணும் புரியலை. இவ்வளவு பெரிய தமிழ்ல நல்லதுதான் எழுதியிருப்பாங்கன்னு வந்துட்டேன். ரோடு அகலமாச்சு, பாதி வீடு போச்சு. இப்ப தெருவுல போறவங்க, என்னக்கா குழம்பு கொதிக்குதான்னு கேட்டுட்டுப் போறாங்க." அதை எழுதியது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் அவசரமாக ஒரு கோப்பைத் தேடினேன்.

போன மாதம் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டு வந்தவர் நேராக என் மேசைக்கு வந்தார். "சார், உங்க வீட்டு மாடியில நீலக் கட்டம் போட்ட போர்வை காயுதா?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் ஒட்டின இடத்துல இருந்து பாத்தா தெரியுது."

அலுவலகத்தில் எனக்கு அது புல எண் இருநூற்றுப் பன்னிரண்டு. வீட்டில், எங்கள் பின்சுவரை ஒட்டியிருக்கும் அதைக் கொசுப் பள்ளம் என்போம். மழையில் தெருத் தண்ணீரெல்லாம் அதில்தான் இறங்குகிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அதுவரை, "பாத்துப் பாத்து வாங்கின வீடு, சொட்டுத் தண்ணி ஏறாது" என்று வருகிற சொந்தக்காரர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதோடு, அதற்கு முறைப்படி அறிவிப்பும் கொடுத்திருக்கிறேன்.

"எழுதிக் குடுங்க சார்" என்றார் பசையக்கா.

"மேலதிகாரி தூக்கியடிச்சிடுவாருக்கா."

"ஓஹோ" என்றார். மறுநாள் மாலை என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து என் மனைவிக்கு அறிவிப்பைத் 'தமிழாக்கி'க்கொண்டிருந்தார்.

முப்பதாவது நாள் மாலை, அலுவலகம் மூடுகிற நேரத்தில், என் மனைவி நாற்பத்தொரு கையெழுத்தோடு வந்து நின்றாள். "ஏங்க, இதை யார்கிட்ட குடுக்கணும்?"

"என்கிட்டதான்." வாங்கிப் பார்த்தேன். பாதிப் பேர் எல்லையை ஒட்டி வீடு இல்லாதவர்கள். மீதிப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள். அவர்களுடைய வீட்டுக்காரர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். என் மனைவியின் கையெழுத்தும் இருந்தது. வீடு என் பெயரில். "இதுல ஒண்ணும் செல்லாது" என்றேன்.

"எவன் போட்ட சட்டம் இது?"

அடுப்பருகே பசையக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் மறுநாளைக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்களேன், எவன்?"

"நான்தான்."

அவள் எதிரே இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு, இருபது வருடமாக அறிந்த மனுஷனைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. கோப்பைப் பிரித்தேன். பழக்க தோஷம், கை தன்னால் அந்தத் தயார்த் தாளை எடுத்துத் தேதி போடப் போனது.

"மூட இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கு சார்" என்றார் பசையக்கா.

எழுந்து வந்தார். இடுப்புத் துணியை உருவிக் கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, அவசரமே இல்லை. சுண்டுவிரலைத் துடைத்து முடித்ததும் என் கையிலிருந்த தாளை மெல்ல உருவினார். எழுத்தில்லாத பக்கம் மேலே வரும்படி அதைத் திருப்பி என் முன்னால் வைத்து, சுருக்கம் போக உள்ளங்கையால் நீவிவிட்டு, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.