என் கையில் இருந்த ஃபியூஸ்

என் வீட்டுக்காரர் முப்பது வருஷமாக எலக்ட்ரீஷியன். எங்கள் பாத்ரூமில் பதினொரு வருஷம் விளக்கு இல்லாமல் இருந்தது. இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வருகிறது.

பழைய பல்பும் ஹோல்டரும் கருகிப்போன அன்று "நாளைக்குப் போட்டுடலாம்" என்றார். அந்த நாளைக்குத்தான் பதினொரு வயதானது. கதவுக்கு மேலே இருக்கிற கண்ணாடி வழியாக நடைவழி பல்பு கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அந்த வெளிச்சத்தில்தான் குளியல். ஆனால் வேறு யார் வீட்டிலாவது பல்பு கண் சிமிட்டினால் போதும், சாப்பிட்ட கை காயும் முன் ஓடுவார். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, இவர் வெளிச்சமும் ஊருக்குத்தான்.

வேலையில் குறை சொல்ல முடியாது. அதுதான் இன்னும் எரிச்சல். ஏணியில் ஏறும் முன் அந்த வீட்டுப் பீங்கான் ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். இறங்கும்வரை அந்த வீட்டு ஆட்கள் தலைகீழாக நின்றாலும் தரமாட்டார். ஃபியூஸ் பையில் இருந்தும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கம்பியைத் தொடுவார். காரணம் உண்டு. எங்களுக்குக் கல்யாணமான புதிதில், இவருடைய கூட்டாளி ஒரு வீட்டில் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தார். ஃபேன் நின்று புழுங்குகிறது என்று அந்த வீட்டுப் பெரியவர் ஃபியூஸைச் சொருகிவிட்டார். கூட்டாளி கீழே விழுந்தபோது உயிர் இல்லை. அஞ்சு நிமிஷப் புழுக்கம் பொறுக்காத பாவி என்று முகம் தெரியாத அந்தப் பெரியவரை நானும் இத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன்.

நாலு மாதம் முன்பு, அந்த இருட்டில் சோப்பை மிதித்து விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த அன்றும் மனுஷன் கூசாமல் "நாளைக்கு" என்றார். கரண்டி இடது கையில் இருந்தது. எனக்கு இடது கையால் குறி பார்த்து எறிய வராது, பிழைத்தார்.

கட்டுப் பிரித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விளக்கோடு வந்தார். வட்டமான, தட்டையான வெள்ளை விளக்கு.

"புதுசா?"

"புதுசுதான். ஒரு வீட்டுல வாங்கிட்டு, வெளிச்சம் பிடிக்கலன்னு குடுத்துட்டாங்க."

"அவங்களுக்குப் பிடிக்காததெல்லாம் கொண்டுவந்து போடறதுக்கா என் வீடு?"

ஏணியைத் தூக்கி வந்தார். எங்கள் வீட்டுப் பின்பக்கம் அரதப் பழசான வயரிங். சுவிட்சை அணைத்தாலும் விளக்குக் கம்பியில் கரண்ட் நிற்கும். ஃபியூஸைப் பிடுங்கினால்தான் நம்பிக்கை. பின்பக்கத்துக்கென்று தனியாக இருக்கிற ஃபியூஸைப் பிடுங்கினார். உடம்பில் பனியன்தான், பை கிடையாது. என்னிடம் நீட்டினார்.

"நான் சொல்ற வரைக்கும் சொருகாத."

"எனக்குத் தெரியாதா? முதல்ல ஏறுங்க."

கருகிய ஹோல்டரைக் கழற்றினார். இரண்டு கம்பிகள் வெறுமனே தொங்கின. அப்போது பார்த்து போன் அடித்தது. துணிக்கடைக்காரர். கடையின் பெயர்ப் பலகையில் விளக்கு எரியவில்லையாம்.

"இதோ வந்துட்டேண்ணே."

"ஏங்க, பாதியில விட்டுட்டு எங்க போறீங்க?"

"அரை மணி நேரம். கடை திறந்து வெச்சிருக்காரு, பாவம்."

"கை உடைஞ்சு கிடந்தேனே, நான் பாவமில்லையா?"

சட்டையை மாட்டிக்கொண்டே தெருவில் இறங்கிவிட்டார்.

அரை மணி, மூன்று மணி நேரமானது. மோட்டாருக்கும் அதே ஃபியூஸ்தான். டேங்க் காலி, குழாயில் காற்று. தொட்டியில் மலைபோலப் பாத்திரம். எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. ஆளில்லாத ஏணிக்கு நான் ஏன் காவல் இருக்க வேண்டும்? பாத்ரூம் கதவைச் சாத்தினேன். ஃபியூஸைச் சொருகி மோட்டாரைப் போட்டேன். டேங்க் நிரம்பியதும் மோட்டாரை அணைத்துவிட்டு, ஒவ்வொரு பாத்திரத்தையும் இவர் மண்டையாக நினைத்துத் தேய்த்தேன். தேய்த்த வேகத்தில் ஃபியூஸ் நினைவே இல்லை.

கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்தபோது பாத்ரூமில் ஏணி கிறீச்சிட்டது. என் வாய்க்குப் பயந்து பின்வாசல் வழியாகப் பூனைபோல வந்து ஏறியிருக்கிறார்.

ஈரக் கையோடு ஃபியூஸ் பெட்டிக்கு ஓடினேன். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுத்தான் கத்தினேன்.

"ஏங்க!"

உள்ளே சத்தமில்லை.

"ஏங்க!"

"என்னடி? ஸ்க்ரூவை வாயில வெச்சிருக்கேன்ல?"

சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

பத்து நிமிஷம் கழித்து "ம், இப்ப சொருகு" என்றார். சொருகினேன். சுவிட்சைத் தட்டியதும் பாத்ரூம் பளீரென்று ஆனது. பதினொரு வருஷத்துப் பாசி, மூலையில் ஒட்டடை எல்லாம் தெரிந்தது. ஏணிமேல் இவர் முழுசாக நின்றுகொண்டிருந்தார். டெஸ்டர் வைக்கிற சின்னப் பை கதவோரம் கிடந்தது. ஜிப்பைக்கூடத் திறக்கவில்லை.

"டெஸ்டர் வெச்சுப் பாத்தீங்களா?"

"எதுக்கு? ஃபியூஸ் உன் கையிலதானே இருந்துச்சு."

எனக்கு வந்த ஆத்திரம் இவர் மேலா, என் மேலா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"யாரக் கேட்டு என்னை நம்புனீங்க?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

பாதியில் விட்டுப் போனதற்குத் திட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். "சரி சரி, லேட்டாயிடுச்சு, தப்புதான்" என்று சிரித்துக்கொண்டே இறங்கினார்.

ஃபியூஸைச் சொருகியதை நான் இன்னும் இவரிடம் சொல்லவில்லை. பாத்ரூம் விளக்கு நன்றாக எரிகிறது. அந்தப் பெரியவரை மட்டும் இப்போதெல்லாம் நான் திட்டுவதில்லை.