கதிர் காட்டிய கடலை

வாலாஜாபாத்தில் ஒரகடம் பஸ் ஏறியபோது, மூவர் இருக்கையில் என் மனைவியை அடுத்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, நகக்கண்களில் மண். பஸ் குலுங்கும்போதெல்லாம் மடியிலிருந்த காகிதப் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். டிக்கெட் எடுக்க அதை இருக்கையில் வைத்தார். நான் வாங்கிய வேர்க்கடலை என்று நினைத்து, ஆறு மாதக் கர்ப்பிணியான என் மனைவி இரண்டை மென்றுவிட்டாள்.

“ஐயோ, இன்னாமா பண்ணிட்ட! கதிர்வீச்சுக் கடலை அது!”

நான் அவர் பக்கம் திரும்பினேன். “கொழந்தைக்கு ஏதாவது ஆயிடுமா சார்?”

“எக்ஸ்ரே எடுத்தா, அது உடம்புலயே ஒட்டிக்கினா கீது? கதிர் காட்டுன வெதைக்கு இது பேரப்புள்ள. ஒண்ணும் ஆவாது தம்பி.”

சொல்லிவிட்டு மிச்சத்தை உள்ளங்கையில் கொட்டி எண்ணினார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

“அப்புறம் நீங்க ஏன் சார் பயப்படறீங்க?”

“புது ரகம் வரும்னு எங்க ஆராய்ச்சிப் பண்ணையில வெதைக்குக் கதிர் காட்டுனோம். அத்தினி செடியில ஒண்ணே ஒண்ணுதான் தண்ணியில்லாம நின்னு காய்ச்சுது. அதோட வெத மொத்தமும் இவ்ளோதான். எதுல அந்தக் குணம் கீதுன்னு மொளைச்சாதான் தெரியும்.”

ஒரகடத்தில் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கிப் போனார்.

அவர் சொல்லியும் மூன்று மாதம் எனக்குத் தூக்கமில்லை. மகள் பிறந்ததும் அவள் விரல்களை எண்ணினேன். பத்தும் இருந்தன. அவருக்குத்தான் இரண்டு குறைந்துபோனது.